மது வியாபாரியின் கொள்ளுப் பேத்தி: ஆலிஸ் சாசர், சஃபோக் டச்சஸ் ஆன கதை

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குத் தென்கிழக்கே யூவெல்ம் என்று ஒரு சின்ன கிராமம் இருக்கிறது. அங்கே உள்ள புனித மேரி தேவாலயத்தில், பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லறை. வெண்ணிறப் பளிங்கு போன்ற அலபாஸ்டர் கல்லில் ஒரு பெண் கைகூப்பிப் படுத்திருக்கிறார். தலையில் டச்சஸ் கிரீடம். இடது முன்கையில் ஒரு பட்டை சுற்றியிருக்கிறது. அது இங்கிலாந்தின் மிக உயர்ந்த வீரப் பட்டமான கார்ட்டரின் சின்னம். பெண்களுக்கு அந்தக் காலத்தில் அபூர்வமாகத்தான் இந்த மரியாதை கிடைக்கும். பல நூற்றாண்டு கழித்து விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்தபோது, ஒரு பெண் கார்ட்டர் பட்டையை எங்கே அணிய வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்தச் சிலையைத்தான் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு.

இதே கல்லறையின் கீழ்ப்பகுதியில் சிறு சிறு சாளரங்கள் இருக்கின்றன. தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தால் உள்ளே இன்னொரு சிலை தெரியும். அதுவும் அதே பெண்தான். ஆனால் கிரீடம் இல்லை, பட்டை இல்லை, நகை இல்லை. விலா எலும்பு துருத்திக்கொண்டு, வாய் திறந்து, துணி விலகிக் கிடக்கும் ஒரு பிணம்.

மேலே டச்சஸ், கீழே வெறும் எலும்பும் தோலும்!

இந்தப் பெண்ணின் பெயர் ஆலிஸ். பிறந்தபோது ஆலிஸ் சாசர். இறக்கும்போது சஃபோக்கின் டச்சஸ். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்று திருமணங்கள், மூன்று விதவைக் கோலங்கள், ஒரு கொலை, ஒரு தேசத் துரோக வழக்கு. "கல்யாணத்தால் உயர்ந்தவர்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

யார் சாமானியர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கிலாந்தின் சட்டப்படி பிரபு என்பவர் பட்டம் வைத்திருப்பவர் மட்டுமே. டியூக், மார்க்வெஸ், எர்ல், வைகவுண்ட், பேரன் என்று ஐந்து படிகள். இந்தப் பட்டம் இல்லாத எல்லோரும், எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும், சாமானியர்தான். ஒரு எர்லின் இளைய மகன்கூடச் சட்டத்தின் பார்வையில் சாமானியரே. ஆகவே "சாமானியர்" என்றவுடன் குடிசையில் இருந்து வந்தவர் என்று கற்பனை செய்யக் கூடாது. ஆலிஸ் ஏழை வீட்டுப் பெண் அல்ல. ஆனால் நான்கு தலைமுறை பின்னால் போனால் அவருடைய குடும்பம் எங்கே இருந்தது என்பதைப் பாருங்கள்.

கொள்ளுத் தாத்தா ஜான் சாசர். லண்டனில் தேம்ஸ் நதிக்கரை ஓரம், மது வணிகர்கள் குடியிருந்த பகுதியில் வாழ்ந்த ஒயின் வியாபாரி. பிரான்சிலிருந்து கப்பலில் வரும் பீப்பாய்களை வாங்கி விற்பவர்.

தாத்தா ஜெஃப்ரி சாசர். ஆமாம், ஆங்கில இலக்கியம் படித்த எவரும் முதல் வகுப்பிலேயே சந்திக்கும் அதே சாசர்தான். "கேன்டர்பரி கதைகள்" எழுதியவர். ஆனால் அவர் காலத்தில் அவருக்குச் சோறு போட்டது கவிதை அல்ல, அரசாங்க உத்தியோகம். சிறுவனாக ஓர் இளவரசரின் மனைவி வீட்டில் எடுபிடியாகச் சேர்ந்தார். பிரான்ஸ் யுத்தத்துக்குப் போய்ச் சிறைப்பட்டார். 1360ல் அவரை மீட்க மன்னர் மூன்றாம் எட்வர்டு 16 பவுண்டு கொடுத்தார். 1374 முதல் 1386 வரை லண்டன் துறைமுகத்தில் கம்பளி ஏற்றுமதி மீதான சுங்கத்தைக் கணக்குப் பார்க்கும் வேலை. பகலில் கணக்குப் புத்தகம், இரவில் கவிதை!

ஜெஃப்ரியின் திருமணத்தில்தான் முதல் திருப்பம் வருகிறது. அவர் மனைவி பிலிப்பா, அரசியின் பணிப்பெண். பிலிப்பாவின் சகோதரி கேத்தரின் ஸ்வின்ஃபோர்ட். இந்தக் கேத்தரின், மன்னரின் மகன் லாங்காஸ்டர் டியூக் ஜான் ஆஃப் காண்ட்டின் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போனவர். பிறகு டியூக்கின் ஆசைநாயகி ஆனார். நான்கு குழந்தைகள் பிறந்தன. இருபது வருடங்களுக்கும் மேலாக ஊர் வாய்க்கு அவலாக இருந்தவரை, 1396ல் டியூக் முறைப்படி மணந்துகொண்டார். நாட்டையே வாயடைக்க வைத்த கல்யாணம் அது. அடுத்த வருடமே குழந்தைகள் சட்டப்படி முறையான வாரிசுகள் ஆக்கப்பட்டார்கள். போஃபோர்ட் என்ற புதிய குடும்பப் பெயரும் அவர்களுக்கு இருந்தது.

இதன் விளைவு என்ன தெரியுமா? ஜெஃப்ரி சாசரின் மகன் தாமஸுக்குத் தாயின் சகோதரி மகன்கள் யார் என்றால், பிற்காலத்தில் கார்டினல் ஆன ஹென்றி போஃபோர்ட்டும் அவர் சகோதரர்களும். 1399ல் ஜான் ஆஃப் காண்ட்டின் மூத்த மனைவியின் மகன் நான்காம் ஹென்றியாக அரியணை ஏறியபோது, அந்தப் புதிய மன்னருக்கே தாமஸ் ஒரு வகையில் உறவுக்காரர்!

தாமஸ் போட்ட கணக்கு

ஆலிஸின் தந்தை தாமஸ் சாசர், அப்பாவைப் போல் கவிதை எழுதவில்லை. அவர் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. மாடில்டா பர்கர்ஷ் என்ற சொத்துக்கார வாரிசுப் பெண்ணை மணந்தார். யூவெல்ம் பண்ணை அந்த அம்மாள் கொண்டுவந்த சொத்துதான். மன்னரின் தலைமை மதுப் பொறுப்பாளர் என்ற பதவி கிடைத்தது. துறைமுகங்களுக்கு வரும் ஒயினில் மன்னருக்குரிய பங்கைக் கவனிக்கும் வேலை. தாத்தா பீப்பாய் உருட்டிய அதே சரக்கு, பேரனுக்கு அரசாங்க அதிகாரமாக வந்து சேர்ந்தது.

அதோடு நாடாளுமன்றத்தில் சாமானியர் சபைக்கு ஐந்து முறை சபாநாயகர். 1407ல் தொடங்கி 1421 வரை. இவ்வளவு இருந்தும் அவர் கடைசி வரை நைட் பட்டம்கூட வாங்கவில்லை. "எஸ்கொயர்" என்பதோடு நின்றுவிட்டார். பணம் இருந்தது, நிலம் இருந்தது, மன்னரின் காதருகே பேசும் உரிமை இருந்தது. பட்டம் மட்டும் இல்லை.

ஒரே மகள் ஆலிஸ். 1404 வாக்கில் பிறந்தவர். தாமஸின் மொத்தச் சொத்தும் இந்தப் பெண்ணுக்குத்தான் என்பது ஊரறிந்த விஷயம். இனிமேல் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் நிற்பதற்குக் கேட்கவா வேண்டும்?

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். "திருமணத்தால் உயர்ந்தார்" என்று சொல்லும்போது அழகைப் பார்த்து மயங்கிய இளவரசன் கதை ஞாபகத்துக்கு வருகிறது. நடந்தது அதுவல்ல. ஒயின் வியாபாரம் உத்தியோகத்தைக் கொடுத்தது. உத்தியோகம் உறவைக் கொடுத்தது. உறவும் வாரிசுச் சொத்தும் சேர்ந்து பெருநிலக்கிழார் ஆக்கியது. நான்கு தலைமுறை ஏறிய ஏணியின் கடைசிப் படிதான் ஆலிஸின் கல்யாணம். பிரபுக்களுக்குப் பணமும் நிலமும் தேவைப்பட்டது. சாசர் குடும்பத்துக்குப் பட்டம் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

மூன்று கணவர்கள்

முதல் கல்யாணம் நடந்தபோது ஆலிஸுக்கு வயது பத்தோ பதினொன்றோ. மாப்பிள்ளை சர் ஜான் ஃபெலிப், ஐந்தாம் ஹென்றி மன்னருக்கு நெருக்கமான நைட். ஏற்கனவே மணம் செய்து மனைவியை இழந்தவர். 1415ல் மன்னரோடு பிரான்சுக்குக் கப்பலேறினார். ஹார்ஃப்ளூர் துறைமுக முற்றுகையில் ஆங்கிலப் படையைப் பகைவரின் அம்பை விட அதிகமாகக் கொன்றது வயிற்றுக்கடுப்பு. அதிலேயே ஃபெலிப்பும் போனார். பதினோரு வயதில் ஆலிஸ் விதவை. இந்த வயதில் அந்தச் சிறுமிக்குக் கல்யாணமும் புரிந்திருக்காது, சாவும் புரிந்திருக்காது.

அதே முற்றுகையில் அதே நோயில் இறந்த இன்னொருவர் சஃபோக் எர்ல் மைக்கேல் டி லா போல். அடுத்த மாதமே அஜின்கோர்ட் போர்க்களத்தில் அவருடைய மூத்த மகனும் மாண்டார். அதனால் எதிர்பாராமல் பத்தொன்பது வயதில் எர்ல் ஆனவர் இளைய மகன் வில்லியம். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

இரண்டாவது கணவர் சாலிஸ்பரி எர்ல் தாமஸ் மாண்டக்யூ. இந்தத் திருமணத்தோடு ஆலிஸ் கவுண்டஸ் ஆனார். சாமானியரின் மகள் பிரபு வரிசைக்குள் நுழைந்தது இந்த இடத்தில்தான். சாலிஸ்பரி அந்தக் காலத்து ஆங்கிலத் தளபதிகளில் முதல் வரிசைக்காரர். ஆலிஸும் அவரோடு பிரான்சுக்குப் போனார். பாரிசில் ஒரு விருந்தில் பர்கண்டி டியூக் பிலிப் ஆலிஸிடம் எல்லை மீறிப் பழகப் பார்த்தார் என்றும், அதனால் சாலிஸ்பரிக்கு அவர்மேல் தீராத கோபம் ஏற்பட்டது என்றும் அந்தக் காலத்து பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவர் குறித்திருக்கிறார்.

1428ல் சாலிஸ்பரி ஆர்லியான்ஸ் நகரை முற்றுகையிட்டார். கைப்பற்றிய ஒரு கோபுரத்தின் ஜன்னலில் இருந்து நகரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பீரங்கிக் குண்டு ஒன்று வந்து தாக்கியது. முகத்தில் பாதி போய்விட்டது. சில நாட்கள் துடித்து, நவம்பர் 3ஆம் தேதி இறந்தார். அவருடைய இடத்தில் முற்றுகைக்குத் தலைமை ஏற்றது யார்? நாம் ஞாபகம் வைத்துக்கொண்ட வில்லியம் டி லா போல், சஃபோக் எர்ல்.

ஆனால் ஆர்லியான்ஸுக்கு ஜோன் ஆஃப் ஆர்க் வந்துவிட்டாள். முற்றுகை உடைந்தது. 1429 ஜூனில் ஜார்ஜோ என்ற ஊரில் சஃபோக் சிறைப்பட்டார். இதில் ஒரு சுவையான கதை சொல்வார்கள். தன்னைப் பிடித்த பிரெஞ்சு வீரனிடம் "நீ நைட்டா?" என்று கேட்டாராம். இல்லை என்றானாம். உடனே அந்த இடத்திலேயே அவனுக்கு நைட் பட்டம் கொடுத்துவிட்டு அதன் பிறகு சரணடைந்தாராம்! உயிர் போகிற நேரத்திலும் அந்தஸ்து குறைந்தவனிடம் பிடிபடக் கூடாது என்ற கவலை.

இந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. டி லா போல் குடும்பம் என்ன வானத்தில் இருந்தா குதித்தது? வில்லியத்தின் கொள்ளுத் தாத்தா ஹல் துறைமுகத்துக் கம்பளி வியாபாரி. மூன்றாம் எட்வர்டு மன்னரின் யுத்தச் செலவுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே பெரிய ஆளானவர். அவர் மகன் 1385ல் எர்ல் ஆக்கப்பட்டபோது, போர்வீரனுக்குரிய பட்டம் வியாபாரிக்குப் போகிறதே என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. அந்த ஏளனம் தலைமுறை தலைமுறையாக அவர்களைத் துரத்தியது.

1430ல் வில்லியமும் ஆலிஸும் மணந்துகொண்டார்கள். கம்பளி வியாபாரியின் கொள்ளுப் பேரனுக்கும் ஒயின் வியாபாரியின் கொள்ளுப் பேத்திக்கும் கல்யாணம்! கம்பளி ஏறின கப்பலும் ஒயின் இறங்கின கப்பலும் இங்கிலாந்தின் மிக உயர்ந்த குடும்பங்களில் ஒன்றை உண்டாக்கிவிட்டன.

உச்சியும் வீழ்ச்சியும்

அடுத்த இருபது வருடம் ஏற்றம்தான். 1432ல் ஆலிஸுக்குக் கார்ட்டர் அங்கி கிடைத்தது. இளம் மன்னர் ஆறாம் ஹென்றி சாது. யுத்தமும் பிடிக்காது, நிர்வாகமும் தெரியாது. அவர் பேரில் நாட்டை நடத்தியவர் சஃபோக். 1444ல் பிரான்சுடன் தற்காலிகச் சமாதானம் பேசி, மன்னருக்கு ஆஞ்சு நாட்டு மார்கரெட்டைப் பெண் பார்த்து முடித்தார். பதினைந்து வயது மார்கரெட்டை அழைத்து வரப் போன பரிவாரத்தில் ஆலிஸும் இருந்தார். மார்க்வெஸ் பட்டம் வந்தது. 1448ல் டியூக் பட்டமும் வந்தது. ஆலிஸ் இப்போது டச்சஸ். அரச குடும்பத்துக்கு அடுத்த இடம்.

ஏறும்போது கூட வந்தவர்கள் விழும்போது வருவார்களா? 1449ல் நார்மண்டி கை நழுவத் தொடங்கியது. தலைநகர் ரூவான் விழுந்தது. யாரையாவது பலி கொடுக்க வேண்டும். 1450 தொடக்கத்தில் நாடாளுமன்றம் சஃபோக் மேல் தேசத் துரோகக் குற்றம் சாட்டியது. குற்றச்சாட்டுகளில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஏழு வயது மகன் ஜானுக்கு, போஃபோர்ட் குடும்பத்துச் சிறுமி மார்கரெட்டைக் கட்டிவைத்து, அதன் மூலம் மகனை மன்னராக்கப் பார்த்தார் என்பது அது. அதாவது, எந்தக் கருவியால் இந்தக் குடும்பங்கள் மேலே வந்தனவோ, அதே திருமணம் என்ற கருவியையே குற்றமாகக் காட்டினார்கள்!

மன்னர் அவரைக் காப்பாற்ற நினைத்து ஐந்து ஆண்டு நாடு கடத்த உத்தரவிட்டார். புறப்படுமுன் சஃபோக் தன் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடவுளுக்கும் மன்னருக்கும் உண்மையாக இரு, அம்மா சொல்வதைத் தட்டாதே, எல்லாவற்றிலும் அவள் ஆலோசனையைக் கேள் என்பதுதான் அதன் சாரம். தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பையும் ஆலிஸிடமே ஒப்படைத்திருந்தார்.

கப்பல் கால்வாயைத் தாண்டவில்லை. "நிக்கலஸ் ஆஃப் த டவர்" என்ற கப்பல் வழிமறித்தது. 1450 மே 2ஆம் தேதி ஒரு சிறு படகின் விளிம்பில் தலையை வைத்து, துருப்பிடித்த வாளால் ஐந்தாறு வெட்டில் கொன்றார்கள். உடலை டோவர் கடற்கரை மணலில் வீசிவிட்டுப் போனார்கள்.

தனியாக நின்ற ஆலிஸ்

பொதுவாக இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். டியூக் போய்விட்டார், டச்சஸ் கண்ணீர் வடித்தார், சுபம். ஆனால் ஆலிஸ் அதற்குப் பிறகு 25 வருடம் வாழ்ந்தார். உண்மையான ஆலிஸைப் பார்ப்பது இந்த 25 வருடத்தில்தான்.

அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து என்று எதுவும் கையில் இருக்காது. அவள் நிலத்தை ஆள்பவன் கணவன். ஆனால் விதவை ஆனவுடன் நிலைமை தலைகீழ். கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வருமானம் ஆயுள் முழுக்க அவளுக்கு. திருமணத்தின்போதே கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து எழுதிவைத்த நிலமும் அவளுக்கு. தந்தை வழிச் சொத்தும் அவள் கைக்கு வரும். வழக்குப் போடலாம், ஒப்பந்தம் செய்யலாம். மகளாக இருந்தால் அப்பா சொல், மனைவியாக இருந்தால் கணவன் சொல். தாலியறுத்த பிறகுதான் தன் சொல்! கேட்கக் கசப்பாக இருக்கிறது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருந்தது.

ஆலிஸ் கையில் சாசர் சொத்து, சாலிஸ்பரி வழியில் வந்த பங்கு, சஃபோக் சொத்து மூன்றும் இருந்தன. நாட்டின் பணக்காரப் பெண்களில் ஒருவர். ஆனால் கணவனைக் கொன்ற கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கோடையில் ஜாக் கேட் என்பவன் தலைமையில் கென்ட் மக்கள் கலகம் செய்து லண்டனுக்குள் புகுந்தார்கள். சஃபோக்கின் ஆட்கள் எல்லோரும் துரோகிகள் என்பது அவர்கள் கோஷம். அதே ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் மன்னரின் பக்கத்திலேயே வரக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தது. அதில் ஆலிஸின் பெயரும் இருந்தது. 1451ல் பிரபுக்கள் முன்னிலையில் அவர் மேல் விசாரணை நடந்தது. குற்றமற்றவர் என்று வெளியே வந்தார்.

இதற்குப் பிறகு அவர் செய்தது பக்கா அரசியல். மகனுக்கும் மார்கரெட் போஃபோர்ட்டுக்கும் குழந்தைப் பருவத்தில் நடந்த திருமணம் 1453ல் ரத்தானது. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார். தன் கணவனை வெறுத்த யார்க் டியூக்கின் மகள் எலிசபெத்தையே மகனுக்குக் கட்டிவைத்தார்! மூன்றே வருடத்தில், 1461ல், எலிசபெத்தின் அண்ணன் நான்காம் எட்வர்டாக முடிசூடிக்கொண்டார். சில வருடம் முன்பு துரோகி குடும்பம். இப்போது மன்னரின் சம்பந்தி. 1463ல் மகன் ஜானுக்கு டியூக் பட்டம் உறுதியானது. அந்தக் காலத்தில் எத்தனையோ பிரபு குடும்பங்கள் ரோஜாப் போர்களில் ஆண்களை எல்லாம் இழந்து அழிந்தன. ஆலிஸ் தன் மகனைக் காப்பாற்றிக் கரை சேர்த்தார்.

அவரைத் தேவதை ஆக்கிவிட வேண்டாம். நார்ஃபோக்கில் பாஸ்டன் என்றொரு குடும்பம். அவர்கள் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. ட்ரேட்டன், ஹெல்ஸ்டன் என்ற பண்ணைகளுக்காக ஆலிஸும் மகனும் இந்தக் குடும்பத்தோடு மல்லுக்கு நின்றார்கள். 1465 அக்டோபரில் டியூக்கின் ஆட்கள் ஹெல்ஸ்டனில் புகுந்து வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், தேவாலயத்தைக்கூட விடவில்லை. பாஸ்டன்கள் யார் தெரியுமா? உழவர் குடும்பத்தில் இருந்து வக்கீல் படிப்பால் மேலே வந்தவர்கள். ஏணியில் ஏறி முடித்தவர்கள், பின்னால் ஏறி வருபவனின் கையை மிதிப்பது எல்லாக் காலத்திலும் இருக்கிறது போலும்.

அதே ஆலிஸ்தான் புத்தகப் பிரியை. 1466ல் யூவெல்முக்கு எடுத்து வந்த சாமான்களின் பட்டியல் ஒன்று உள்ளது. திரைச்சீலைகள், படுக்கைகள் நடுவே புத்தகங்களும் வருகின்றன. அதில் ஒன்று கிறிஸ்டின் டி பீசான் என்ற பெண் பிரெஞ்சு மொழியில் எழுதிய "பெண்களின் நகரம்". பெண்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று சொன்ன ஆண்களுக்குப் பதிலடியாக எழுதப்பட்ட நூல். கவிஞர் சாசரின் பேத்தி அந்தப் புத்தகத்தைத் தன்னோடு வைத்திருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கடைசியாக ஒரு காட்சி. 1471ல் போரில் தோற்று, ஒரே மகனைப் பறிகொடுத்து, கைதியாக நின்றார் ஆஞ்சு மார்கரெட். அடுத்த வருடம் அவரை வாலிங்ஃபோர்ட் கோட்டையில் ஆலிஸின் பாதுகாப்பில் ஒப்படைத்தார் மன்னர். 27 வருடத்துக்கு முன் மணப்பெண்ணாக அழைத்து வந்தாரே, அதே மார்கரெட்! ஒருவர் அரசியாக வந்து கைதியானவர். இன்னொருவர் சாமானியராகப் பிறந்து அந்தக் கைதிக்குக் காவலானவர். இருவரும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்?

என்ன மிஞ்சியது?

1475ல் ஆலிஸ் இறந்தார். பேரன் ஜான், லிங்கன் எர்ல், மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் வாரிசாகவே கருதப்பட்டான். ஒயின் வியாபாரியின் வம்சம் அரியணைக்கு ஒரு படி கீழே நின்றது! ஆனால் 1485ல் ரிச்சர்டு வீழ்ந்தார். லிங்கன் 1487ல் ஸ்டோக் போரில் மாண்டான். அடுத்த பேரன் எட்மண்டை 1513ல் எட்டாம் ஹென்றி தலை வெட்டினார். இன்னொருவன் ரிச்சர்டு 1525ல் இத்தாலியில் பாவியா போரில் இறந்தான். வில்லியம் என்பவன் முப்பது வருடங்களுக்கும் மேல் லண்டன் டவர் சிறையில் கிடந்து 1539ல் அங்கேயே செத்தான். செய்த குற்றம்? அரச ரத்தம் கலந்த பாட்டியின் பேரன்களாக, இல்லை, அம்மாவின் பிள்ளைகளாகப் பிறந்தது. ஆலிஸ் மகனைக் காப்பாற்றப் போட்ட அதே யார்க் சம்பந்தம்தான் பேரன்களின் உயிரைக் குடித்தது.

இன்னொரு பக்கம், ஆலிஸின் மகனோடு திருமணம் ரத்தான அந்தச் சிறுமி மார்கரெட் போஃபோர்ட் என்ன ஆனாள்? அவள் மகன்தான் டியூடர் வம்சத்தைத் தொடங்கிய ஏழாம் ஹென்றி. ஆலிஸின் கைநழுவிப் போன சம்பந்தம் வென்றது, தேடிப்போன சம்பந்தம் அழித்தது. யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்?

ஆக, பட்டம் போயிற்று, டியூக் குடும்பம் போயிற்று. ஆனால் ஒன்று நிற்கிறது. 1437ல் ஆலிஸும் வில்லியமும் யூவெல்மில் ஓர் அறநிலையம் தொடங்கினார்கள். பதின்மூன்று ஏழை முதியவர்களுக்கு இருப்பிடமும் உணவுக்குப் பணமும்; அவர்களைக் கவனிக்க இரண்டு பாதிரியார்கள். அதில் ஒருவர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் இலக்கணம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்போது அந்தப் பகுதியில் புதுமையாக இருந்த செங்கல்லால் கட்டினார்கள். அந்த முதியோர் வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக் கட்டிடத்தில் இன்றும் கிராமத்துக் குழந்தைகள் படிக்கிறார்கள். இங்கிலாந்தில் பொதுப் பள்ளியாக இன்றும் இயங்கும் மிகப் பழைய கட்டிடம் இதுதான் என்று சொல்லப்படுகிறது.

திரும்பவும் அந்தக் கல்லறைக்கு வருவோம். கீழே கிடக்கும் பிணச் சிலையின் தலைக்கு மேலே, கல்லின் உள்பக்கத்தில், தேவ அன்னையும் புனிதர்களும் வண்ணத்தில் வரையப்பட்டிருக்கிறார்கள். நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. தரையில் படுத்துத் தலையை நீட்டினால்தான் தெரியும். ஊரார் பார்க்க மேலே கிரீடமும் கார்ட்டரும். தனக்கு மட்டும் பார்க்க அந்த ஓவியம்.

பதினோரு வயதில் யாரையும் கேட்காமல் விதவை ஆக்கப்பட்டவர், தன் கல்லறைக்கு இப்படி ஓர் ஏற்பாடு அமைந்திருக்கும்படி வாழ்ந்து முடித்தார். திருமணங்கள் அவரை மேலே தூக்கின என்பது உண்மைதான். ஆனால் கணவர்கள் மூவரும் போன பிறகு கீழே விழாமல் நின்றது அவருடைய சொந்தக் கால். வரலாற்றில் "இன்னாரின் மனைவி" என்று ஒரே வரியில் கடந்துபோகிற பெயர்களைப் பார்த்தால், இனி கொஞ்சம் நின்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது.